பழைய பிக்கப் வாங்கப் போனால் முதலில் பின் டயரைப் பாருங்கள்

இப்போது ஓட்டும் பிக்கப்பை வாங்கப் போன அன்று எனக்கு ரொம்பவே தலைக்கனம். டயர் தேய்மானம் பற்றி நிறைய படித்திருந்தேன், சட்டைப்பையில் டயர் பட்டனின், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகளின், ஆழம் அளக்கும் கேஜ் வேறு இருந்தது. நேராக முன் சக்கரத்துக்குப் போய், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடிக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தால், இரண்டு டயரிலும் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. விற்றவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதையே பிடித்துக்கொண்டு பேரம் பேசி, சொன்ன விலையில் கொஞ்சம் குறைத்து, ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டான டை ராட் எண்ட் ஒரு ஜோடி மாற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்த்ததோடு முன்பக்கக் கதை முடிந்தது. பின் டயர்களைப் பார்க்கவே இல்லையா என்று கேட்டால், பார்த்தேன், வண்டிக்குப் பின்னால் நின்றபடி ஒரு பார்வை, பட்டன் நிறைய இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பஞ்சருக்காகப் பின் இடது சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டனே இல்லை, மொட்டை. வெளிப்பக்கம் மட்டும் நேற்று வாங்கியது போல இருந்தது. "அலைன்மென்ட் பண்ணிடலாமா அண்ணே" என்று நான் கேட்டதும் மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பின்னாடி எதைத் தம்பி அலைன் பண்றது, ஹவுசிங் வளைஞ்சிருக்கு" என்றார். ஹவுசிங் என்பது பின் ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு. பேரத்தில் நான் மிச்சம் பிடித்ததைப் போல சில மடங்கு அந்த ஆக்சிலுக்குப் போனது.

அதிலிருந்து யாருடைய பிக்கப்பைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் படுப்பது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான். காரணம் எளிது. பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னால் இருப்பது ஒரே துண்டு ஆக்சில், பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கோ சுருளான காயில் ஸ்பிரிங்கோ அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஹோண்டா ரிட்ஜ்லைன் மாதிரி பின்னாலும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ளவை விதிவிலக்கு. ஒரே துண்டு ஆக்சிலில் சக்கரத்தின் சாய்வையோ திசையையோ திருகிச் சரிசெய்ய எந்த போல்ட்டும் கிடையாது. தொழிற்சாலையில் எப்படி நேராக வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஆகவே பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது இடம் நகர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். முன்னால் அப்படியில்லை, அங்கே ஒருதலைத் தேய்மானத்துக்குப் பத்துக் காரணம் உண்டு, அதில் ஏழெட்டு சில்லறைச் செலவில் போய்விடும்.

பின் ஆக்சில் எப்படி வளைகிறது? பெரும்பாலும் பாரம். ஸ்பிரிங் உட்காரும் இடம் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது, சுமை அங்கே கீழ்நோக்கி அழுத்துகிறது, தரையோ சக்கரத்தை இரண்டு கடைசியிலும் மேல்நோக்கித் தள்ளுகிறது. அளவுக்கு மீறிய பாரத்தோடு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஹவுசிங் நடுவில் தொய்ந்து, சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்துவிடும், அப்புறம் தேய்வது உள்விளிம்புதான். இரண்டு பின் டயரிலும் உள்விளிம்பு ஒரே மாதிரி வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அந்த வண்டி என்ன சுமந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் வண்டியில் இருந்ததுபோல ஒரே ஒரு டயர் மட்டும் என்றால் அந்தப் பக்கம் பலமாக இடித்திருக்கலாம், நடைபாதை விளிம்பில் பக்கவாட்டில் மோதினாலே போதும்.

இதைப் பார்க்க உள்விளிம்பு கண்ணில் பட வேண்டும், பின்னால் ஸ்டியரிங் கிடையாது, ஒடித்துக் காட்டச் சொல்ல முடியாது. பழைய பாயையோ அட்டையையோ விரித்துப் படுங்கள், இல்லையென்றால் போனில் வீடியோ எடுத்தபடி, விளக்கைப் போட்டு, டயருக்குப் பின்னால் கையை விட்டு மெதுவாகக் கொண்டுபோங்கள். கை விடும்போது வண்டி சமதரையில், கியரில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

தேய்மானம் கண்ணுக்குப் பட்டாலும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது, ஏனென்றால் டயர்கள் இடம் மாறும். ஒழுங்காக டயர் ரொட்டேஷன் செய்கிறவர் வண்டியில் இன்று பின்னால் இருக்கும் டயர் போன மாதம் முன்னால் இருந்திருக்கலாம், அந்தத் தேய்மானம் முன்பக்கத்தின் பழைய பாவம். நேர்மை குறைந்தவர்கள் இதையே வேண்டுமென்று செய்வதும் உண்டு: மோசமான ஜோடியைப் பின்னால் போட்டு, நல்லதை எல்லோரும் குனிந்து பார்க்கும் முன்பக்கம் கொண்டுவருவார்கள். இன்னும் கொஞ்சம் மெனக்கெடுகிறவர்கள் டயரை ரிம்மிலிருந்தே கழற்றித் திருப்பிப் போட்டு, உள்விளிம்பை வெளிவிளிம்பாக்கிவிடுவார்கள். பல டயர்களில் முழுத் தேதிக் குறியீடு ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும், ஒரே ஜோடியில் ஒன்றுக்கு வெளிப்பக்கமும் மற்றொன்றுக்கு உள்பக்கமும் அது இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்டதும் வரும் பதிலைவிடப் பதில் வர எடுத்துக்கொள்ளும் நேரம் முக்கியம்.

சரி, டயர் இடம் மாறியிருக்கலாம் என்றால் ஆக்சிலை எப்படி நம்புவது? நேரடியாக அளந்துவிட வேண்டியதுதான். ஒரு நேரான மரச்சட்டத்தைப் பின் ரிம்மின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தொடுகிற மாதிரி செங்குத்தாக வையுங்கள், அதன்மேல் போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியை வைத்துப் பாருங்கள். தரை சரிவாக இருந்தால் எண் தப்பாக வரும், ஆகையால் வண்டியை அதே இடத்தில் நேர் எதிர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரே துண்டு ஆக்சிலில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக, ஒன்றுக்கொன்று ஒத்து இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 1 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் ஹப், அதாவது மையக் குமிழின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடு வரை டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் எந்த வண்டியிலும் இருக்கும். ஒரு விரல் அகலம் இருந்தால் லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளைச் சேர்த்து ஆக்சிலை இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் முறிந்து ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்குப் போயிருக்கிறது, அல்லது சேசிஸே கோணல். அப்படிப்பட்ட வண்டி நண்டு மாதிரி சற்றுக் குறுக்காகத்தான் போகும். ஈரத் தரையில் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்திலிருந்து ஒரு பக்கமாக விலகி நிற்கும். சென்டர் போல்ட் என்றால் பயப்பட வேண்டாம், அந்த போல்ட்டும், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டும் மாற்றி இடத்தில் உட்கார வைத்துவிடலாம். சேசிஸ் என்றால் வேறு வண்டி பாருங்கள்.

இனி முன்பக்கம். இங்கே கண்ணைவிடக் கை நன்றாகப் பேசும். உள்ளங்கையைப் பட்டன்கள்மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை, உள்ளிருந்து வெளியே ஒரு முறை தடவிப் பாருங்கள், முதலில் கம்பி ஏதும் குத்தி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு. ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி சுரண்டலாகவும் இருந்தால் அது டோ கோளாறு, அதாவது சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் திரும்பிய நிலையில் இழுபடுகிறது. உள்நோக்கித் தடவும்போது வழவழப்பு என்றால் சக்கரங்கள் முன்னால் நெருங்கி நிற்கின்றன, அதுதான் டோ இன், வெளிவிளிம்பு போகும். வெளிநோக்கித் தடவும்போது வழவழப்பு என்றால் டோ அவுட், உள்விளிம்பு போகும். எந்தத் திசையில் தடவினாலும் ஒரே வழவழப்பு, ஆனாலும் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்றால் அது கேம்பர், சக்கரம் சாய்ந்து நிற்கிறது. இந்த ஒரு வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டோ எவ்வளவு வேகமாக டயரைத் தின்னும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். ஒரு சக்கரம் நேர்த்திசையிலிருந்து 1 டிகிரி திரும்பியிருந்தால், வண்டி 1 கிலோமீட்டர் போவதற்குள் அந்த டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. வெறும் கோணக் கணக்குதான், ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பது வேறு விஷயம். ஆனாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு நல்ல டயர் எப்படிக் காலியாகிறது என்பது புரியும். ஆகவே முன்னால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரம்பத் தேய்மானம் இருந்தால் நான் பதறுவதில்லை. தேய்ந்த டை ராட் எண்ட், தள்ளிப்போட்ட அலைன்மென்ட், அவ்வளவுதான். வண்டியை லிஃப்ட் செய்து உயரம் ஏற்றிவிட்டு அப்படியே ஓட்டினாலும், சில வண்டிகளில் முன்னால் ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரை இஷ்டத்துக்கு முறுக்கி வைத்தாலும் கோணங்கள் மாறி இதே கதை நடக்கும்.

ஒரே ஒரு முன் டயர் மட்டும், அதுவும் வழவழப்பான ஒருதலைத் தேய்மானம் என்றால் அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டான பால் ஜாயிண்ட் ஆடலாம், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கலாம், அல்லது ஒரு விபத்தில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வளைந்து சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துவிட்டு, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் தளர்வு பால் ஜாயிண்டையோ பேரிங்கையோ காட்டும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் பக்கம். அந்தப் பக்க மட்கார்ட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட பெயின்ட் உரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அந்த டயர் சொன்னது உண்மை.

எல்லாத் தேய்மானமும் குற்றமல்ல என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு நல்ல வண்டியையும் வேண்டாம் என்று வந்துவிடுவீர்கள். பிக்கப்பில் அடிக்கடி பார்ப்பது பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து இரண்டு ஓரமும் உயரமாக நிற்பது. பல பிக்கப்புகளில் முழுப் பாரத்துக்கும் வெறும் வண்டிக்கும் பின் டயர்க் காற்றழுத்தம் வேறு வேறு, டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பார அழுத்தத்தை வைத்துக்கொண்டே வருஷம் முழுக்க வெறும் வண்டியாக ஓட்டினால் டயர் நடுவில் உப்பி, நடு மட்டும்தான் தரையைத் தொடும். இது பாரம் ஏற்றாத வண்டி என்பதற்குக் கிடைக்கும் நல்ல சான்று, எனக்கு இந்தத் தேய்மானத்தைப் பார்த்தால் சந்தோஷம்தான். நேர்மாறாக, நடு உயரமாக இருந்து இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம், பின்னால் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும். முன் டயரில் இரண்டு ஓரமும் லேசாகத் தேய்வதோ கனமான வண்டி வளைவுகளில் திரும்புவதாலேயே வரும். சாலைக்கும் மண்பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர்களின் பெரிய பட்டன்களில் ஒவ்வொன்றும் ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்து படிக்கட்டு மாதிரி ஆவதும் சகஜம், ரொட்டேஷனைச் சோம்பேறித்தனமாக விட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

சுற்றளவு நெடுக அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் உயிரை விட்டிருக்கும், அல்லது பேலன்சிங் இல்லை. ஓட்டிப் பார்க்கும்போது ஒரு ஊளைச் சத்தம் வரும், பேரிங் சத்தமோ என்று குழப்பும். சாலையின் தரை மாறும்போது சத்தம் மாறினால் டயர், மெதுவாக இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் பேரிங். ஒரே இடத்தில் ஒரு தட்டையான தழும்பு என்றால் பிரேக் பூட்டிச் சறுக்கிய அடையாளம், அது டயரோடு போய்விடும்.

எனக்கு அதிகம் சந்தேகம் தருவது தேய்ந்த டயர் அல்ல, புத்தம் புது டயர். விற்பதற்கு முந்தின வாரம் நான்கு டயரையும் மாற்றுகிற அளவுக்கு யாருக்காவது நம்மேல் அக்கறை இருக்கிறதா? சிலருக்கு உண்மையிலேயே பழையது தீர்ந்திருக்கலாம், ஆனால் வண்டியின் வரலாறு முழுக்கத் துடைத்துப் போடப்பட்டதும் உண்மை. பழைய டயர்கள் எங்கே என்று கேளுங்கள், சில சமயம் வீட்டு மூலையிலேயே கிடக்கும். கிடைக்காவிட்டால் ஓட்டிப் பார்ப்பதும் மரச்சட்டமும் டேப்பும்தான் கதி. முன்னால் மட்டும் புதியது என்றால் முன்பக்கத்தை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு ஜாக்கியைக் கேளுங்கள். பளபளவென்று கருப்புப் பாலிஷ் அடித்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதிக் குறியீட்டைப் படிப்பது ஒரு நிமிட வேலை. பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 2000க்குப் பிறகு செய்த டயர்களுக்கு இதுதான் முறை. நான்கிலும் படித்து, ஸ்டெப்னியிலும் படியுங்கள். பெரும்பாலும் பின்னால் சுமைப் பெட்டிக்கு அடியில் தொங்கும் அந்த ஸ்டெப்னியை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள், அதன் தேதி வண்டி தயாரான தேதியை ஒட்டி இருக்கும். ஓடோமீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் நான்கு டயரும் மாற்றப்பட்டு, அந்த மாற்று டயரும் டயர் பள்ளத்துக்குள் தேய்மான எல்லையைக் காட்டும் அடையாளக் கட்டை வரை, அதாவது 1.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்திருந்தால் ஒன்று அந்த மீட்டர் பொய், இல்லை அந்த வண்டி பட்ட பாடு நமக்கு வேண்டாம். நான்கு சக்கரத்தில் நான்கு பிராண்ட் என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெடித்து மாறியிருக்கிறது, அல்லது கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் நான்கும் ஒரே சுற்றளவில் இல்லையென்றால் அந்தக் குடைச்சல், இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும், ஆகவே அங்கே பட்டன் ஆழம் சக்கரத்துக்குச் சக்கரம் அதிகம் வேறுபட்டால் நான் கியர் ஆயிலையும் சேர்த்துப் பார்ப்பேன். இன்னொன்று, கார் டயரைப் பிக்கப்பில் மாட்டி ஓட்டுபவர்கள் உண்டு. பக்கச் சுவரில் டயர் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் லோடு இன்டெக்ஸ்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. கதவுத் தூணில் போட்டிருப்பதைவிடக் குறைந்த எண் பின் சக்கரத்தில் இருந்தால், தேய்மானம் எப்படி இருந்தாலும் அது புது டயர்ச் செலவுதான்.

அளக்கும்போது மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், விற்பவர் பேச ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துவிடும். ஒரு டயருக்கு உள், நடு, வெளி என்று மூன்று, நான்கு டயருக்கு 12 எண்கள், ஒரு காகிதத்தில் வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோலப் படம் போட்டு அந்தந்த இடத்தில் எழுதுங்கள்.

போன மாதம் நண்பன் ஒருவனுக்காக அப்படி இரண்டு வரிசை இருக்கை உள்ள ஒரு டபுள் கேப் பிக்கப்பைப் பார்க்கப் போயிருந்தோம். முன்னால் வலது டயர் வெளிவிளிம்பு மோசம், ரம்பம் மாதிரி சுரண்டியது, அவன் முகம் தொங்கிப்போய் வா போகலாம் என்று கண்ணைக் காட்டினான். பின்னால் இரண்டு டயருக்கும் என் காகிதத்தில் 7, 5, 7 மில்லிமீட்டர் என்றே இருந்தது, நடு மட்டும் தேய்ந்த அந்த நல்ல சான்று. மட்டம் பார்த்தேன், டேப் பிடித்தேன், இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. டை ராட் எண்ட் ஆடியது, அவ்வளவுதான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, இதையே வாங்குடா என்றேன்.